ஏழு தடவை கழுவிய கை

நாலு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது இந்தத் தொல்லை. மும்பை தாராவியில் எனக்குத் தோல் பை தைக்கும் பட்டறை இருக்கிறது. கொட்டுகிற மழையில் வாசலில் ஒதுங்கிய ஒரு செவலை நாய்க்கு, டீயில் நனைத்த பாதி பிஸ்கட்டைப் போட்டேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அது என்னைத் தன் ஆள் என்று முடிவு செய்துவிட்டது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். எங்கள் முறைப்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்து. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம்தான். மண்ணோ மருந்துக்கும் கிடையாது, எல்லாம் சிமெண்ட். மாட்டுங்காவில் செடி விற்கும் கடையில் போய் ஒரு பை மண் வாங்கினேன். எந்தச் செடிக்கு என்று கடைக்காரர் கேட்டார். நாய்க்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ரோஜாவுக்கு என்றேன்.

இதில் கொடுமை என்னவென்றால், மதியத் தொழுகைக்காக ஒளு செய்து, கை கால் முகம் கழுவி, நான் வெளியே காலை வைக்கிற நேரம் பார்த்துத்தான் அதற்குப் பாசம் பொங்கும். ஓடி வந்து புறங்கையில் ஒரு நக்கு. மறுபடி தண்ணீர் டிரம், மறுபடி மண், மறுபடி ஏழு தடவை. "ஏலே, போ அங்கிட்டு" என்று கத்துவேன். நான் பேர் வைக்காத அந்த நாய், 'ஏலே' என்பதையே தன் பேராக எடுத்துக்கொண்டது. விரட்டினால் வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே வருகிற பிராணியை என்ன செய்வது?

ஒரு வருடம் இப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் வாயை வைத்தது. கழுவி மாற்றி ஓடுவதற்குள் ஜும்மா முடிந்துவிட்டது. ஆத்திரத்தில் மாநகராட்சியில் புகார் எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் நாய் பிடிக்கும் வண்டி வந்தது. அது தோல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, வலைக்குச் சிக்கவில்லை. "தும் புலாவ், சேட்" என்றார் வண்டிக்காரர். நானே கூப்பிட வேண்டுமாம்.

கூப்பிட்டேன். 'ஏலே' என்ற ஒரு வார்த்தைதான். வாலை ஆட்டிக்கொண்டு நேராக என் காலடிக்கு வந்தது, வலை விழுந்தது. வலைக்குள்ளே இருந்துகொண்டும் என்னைத்தான் பார்த்தது. கருத்தடை ஆபரேஷன் செய்து, நாலைந்து நாளில் இதே வாசலில் கொண்டுவந்து விடுவோம், அதுதான் ரூல் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். திரும்பி வரும் என்றால் எதற்கு இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பத்து நாளாகியும் வரவில்லை. சனியன் தொலைந்தது என்று நிம்மதியாக இருக்க வேண்டியவன், ஒளு செய்துவிட்டு வாசலில் நின்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் புலம்பினேன். "கூப்புட்டுப் புடிச்சுக் குடுத்தது நீங்கதானங்க. நீங்களே போயி கூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி.

பிடித்த நாய்களை வைத்திருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். வரிசையாகக் கூண்டுகள். தையல் ஆறாத நாய்களை மட்டும் இன்னும் அனுப்பவில்லை என்றார் அங்கிருந்தவர். இதில் எது உங்களுடையது என்று கேட்டார். எல்லாம் செவலை, எல்லாம் எலும்பும் தோலும். ஒரு வருடமாக விரட்டினேனே தவிர, அதன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏமாற்றிய அதே வார்த்தை. வாயில் வரவே மாட்டேன் என்றது. மெதுவாக "ஏலே" என்றேன். கடைசிக் கூண்டில் சுருண்டு கிடந்த ஒன்று முதலில் வாலை மட்டும் அசைத்தது. பிறகு தள்ளாடி எழுந்து, கம்பிக்கு வந்து, என் கையை நக்கியது. நான் கையை இழுக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன். உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தேன்.

இப்போதும் பட்டறை வாசலில்தான் கிடக்கிறது. இப்போதும் அதே நேரம் பார்த்துத்தான் நக்குகிறது. நானும் திட்டிக்கொண்டேதான் கழுவுகிறேன். ஏழு தடவையில் கை சுத்தமாகிவிடுகிறது; நம்பி வந்த உயிரைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்ததுதான், எத்தனை தடவை கழுவினாலும் போக மாட்டேன் என்கிறது.