கிழக்கே பட்டாசு ஆலை

2023 மே 15, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஜெபம், வேதவாசிப்பு, காபி. ஆறரைக்குள் தண்ணீர் பிடித்து முடித்தேன். கோடை விடுமுறை என்பதால் திருத்த விடைத்தாள் எதுவும் இல்லை. எட்டு மணிக்கு விருதுநகரில் பஸ் ஏறி, ஒன்பதுக்குள் சாத்தூரில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பா எனக்கும் தம்பிக்கும் சொத்தை எழுதிவைக்க முடிவு செய்திருந்தார். பத்திர எழுத்தர் வரைவை வாசித்துக் காட்டும் நாள் அது.

சொத்து இரண்டு. சாத்தூர் வீடு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு துண்டு கரிசல் நிலம். தம்பி அச்சாபீசில் வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு அப்பாவுடனே இருக்கிறான். அதனால் வீடு அவனுக்கு, நிலம் எனக்கு. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆசிரியை வேலைக்கு வந்ததிலிருந்து வாடகை வீடுதான். ஓய்வு பெற்றதும் அந்த நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று அப்பா நினைத்தார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

முந்தின வாரம், பல வருஷம் கழித்து, தனியாகப் போய் நிலத்தைப் பார்த்தேன். கிழக்கே வரப்பை ஒட்டிப் பட்டாசு ஆலையின் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மருந்து கலக்கும் அறைகள். அங்கே யாரும் வீடு கட்டிக் குடியிருக்க முடியாது. திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் பங்கு கேட்டதாக ஆகும். எங்கள் பக்கம் அப்படிக் கேட்ட பெண்களைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

எழுத்தர் எல்லைகளை வாசித்தார். கிழக்கெல்லையில், எப்போதோ காலமாகிவிட்ட ஒருவரின் புஞ்சை என்று இருந்தது. பேசாமல் இருக்கத்தான் போனேன். ஆனால் பத்திரத்தில் ஒரு தப்பு நிற்பதைப் பொறுக்க முடியவில்லை.

“கிழக்கெல்லை தப்பா இருக்கு,” என்றேன். “அங்கன இப்பப் பட்டாசு ஆலை.”

எழுத்தர் சிரித்தார். பழைய பத்திரத்தில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதிவிட்டதாகவும், டீச்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்றும் சொன்னார். தம்பி சிரிக்கவில்லை.

“எம்புட்டுப் பக்கத்துல?”

“வரப்ப ஒட்டி.”

“அப்ப நீ வீட்ட எங்கன கட்டுவ?”

முழங்கால் வலியால் அப்பா அந்தப் பக்கம் போய்ப் பல வருஷமாகிறது. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?” என்றார்.

தம்பி வரைவை எழுத்தர் பக்கம் தள்ளினான். மாடி அக்காவுக்கு, கீழ்வீடு தனக்கு, நிலம் இருவருக்கும் பொது, அப்பா உள்ளவரை எல்லாமே அவர் அனுபவம் என்று மாற்றி எழுதச் சொன்னான். அந்த மாடி அவன் தன் மகனுக்காகக் கட்டியது என்பதை நான் நினைவூட்டினேன்.

“அவன் சம்பாதிச்சுக் கட்டிக்கிடுவான். நீ வாயத் தொறக்காம அந்த வேலியோரம் போயி உக்காந்துருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதாக்கா?”

தம்பி மனைவி என்ன சொல்வாளோ என்று மத்தியானம் வரை பயந்துகொண்டிருந்தேன். தம்பி விஷயத்தைச் சொன்னபோது எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. பிறகு இன்னொரு கரண்டி வைத்தாள்.

“மாடிக்கு வாங்க மதினி. ஆனா எங்க அடுப்படிக்கு வந்து டப்பாவுக்கெல்லாம் பேரெழுதி ஒட்டக்கூடாது. அதையும் பத்திரத்துல சேத்துருங்க.”

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார்.

நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்பது என் கணக்கு. அன்று இரண்டு பக்கமானது. கேட்காமல் கிடைத்தது என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, என்னைக் கேட்க வைக்காமல் கொடுத்தான் என்று எழுதினேன். அதுதான் சரி.

மாடியின் அளவு வேண்டும் என்று எழுத்தர் சொல்லியிருந்ததால் இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை, காபிக்கும் முன்னால், தம்பியும் நானும் அளவுநாடாவோடு மாடிக்குப் போனோம். அவன் ஒரு முனையைச் சுவரோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் மறுமுனையைப் பிடித்து, வடக்கு தெற்காக இருபத்தாறடி என்று எழுதினேன்.