மெத்தைக்குள் போன அதிகாரி

1984 ஏப்ரல் 30: நியமனம்.
1986 ஜூன் 4: மெத்தை ஒன்று, 39 பவுண்டு.
அதே நாள்: தலையணை இரண்டு, 5 பவுண்டு 50 பென்ஸ்.

லங்காஷயரின் அந்த நூலாலை ஊரில், யாருக்கு அரசு உதவித்தொகை உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்க்க நியமிக்கப்பட்டவர் நார்மன் எண்ட்விசில். மேலாளர் பெரில் அவருக்கு விடுப்பை மறுக்கலாம், நாற்காலியைக்கூடப் பிடுங்கலாம். ஆனால் ஒரு மனுவில் இப்படித்தான் முடிவெடு என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. கடவுளுக்கு அடுத்தபடி நார்மன்தான். கடவுளுக்காவது ஞாயிற்றுக்கிழமை பாட்டு. நார்மனுக்குத் திங்கட்கிழமை வசவு.

ஒரே ஒரு பயம்: நியமனத்தைப் பறிக்கச் சொல்லிப் பெரில் மேலிடத்துக்கு எழுதலாம். பறிபோனால் கீழ்த்தளத்தில் தபால் பிரிக்கும் வேலைதான்.

ஹில்டா கிரிம்ஷா என்ற விதவை மெத்தையும் தலையணையும் கேட்டு மனுப் போட்டார். வீடு பார்த்து வரும் ஊழியருக்குக் காய்ச்சல். வழக்கத்துக்கு மாறாக நார்மனே போனார். தேநீர் முடிந்ததும் ஹில்டா பழைய மெத்தையைக் காட்டிச் சொன்னார்: "நின்னு பாத்தா என்ன தெரியும் தம்பி? படுத்துப் பாருங்க."

நார்மன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மெத்தை அவரை விழுங்கியது. ஹில்டாவும் பக்கத்து வீட்டு நிலக்கரிக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். அலுவலகம் திரும்பிய நார்மன், 'மெத்தை உதவாது' என்று மட்டும் எழுதிப் பணத்தை அனுமதித்தார்.

"ஊர்ல பாதிப் பேருக்கு முதுகுவலி. எல்லாருக்கும் மெத்தை குடுப்பீங்களோ?" என்றார் பெரில்.

"மனு வரட்டும், பாக்கலாம்."

பெரில் அன்றே மேலே எழுதிவிட்டார்.

செப்டம்பரில் மேலிடத்திலிருந்து தலைமை அதிகாரியின் கண்காணிப்பாளர் டக்வொர்த் வந்தார். முடிவை மாற்ற அவருக்கும் அதிகாரமில்லை. ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். கோப்புக் கட்டின் உச்சியில் மெத்தைதான் இருந்தது. வைத்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"உதவாதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சது சாயங்காலம் உங்ககூடவே வீட்டுக்குப் போயிடும். காகிதத்துக்குத் தெரியணும்."

பெரில் கதவோரம் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். மானமா, பதவியா? நார்மன் பேனாவைத் திறந்து எழுதினார்: 'அதிகாரி அதில் படுத்தார். உள்ளே போனார். வெளியே எடுக்க இருவர் தேவைப்பட்டனர்.'

டக்வொர்த் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கமா உள்ள போனீங்க?"

"செவுத்துப் பக்கம்."

"அதையும் எழுதுங்க."

மறுநாள் நார்மனின் நாற்காலியில் யாரோ தலையணை வைத்திருந்தார்கள். அதன்மேலேயே உட்கார்ந்து அடுத்த மனுவைப் பிரித்தார். தினமும் தபால் பையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் மேலிடத்துக் கடிதம் வந்தது: ஆதாரம் போதுமானது, நியமனம் தொடரும், இனி மெத்தைகளைக் கையால் அழுத்திப் பார்த்தால் போதும். வந்து சேர்ந்த நாள்: 1986 நவம்பர் 12.