கிளேஸ் போட்ட சில்லுகள்

மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப்போனது ஒரே ஒரு தங்கமீன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். எங்களை அல்ல, மீனை.

மீன் பெருத்துக் கிண்ணம் போதாமல் போகவே, பெரிய தொட்டி வாங்கினோம். மீன் கடைக்காரர் முதலிலேயே எச்சரித்தார். "உடனே வுட்டுடாதீங்க. மீன் கழிவுல அமோனியா வரும், அதுவே அதுக்கு விஷம். அதைத் தின்னுற கிருமி ஃபில்டர்ல குடியேறணும். வெறுந்தொட்டியில கொஞ்சம் அமோனியா வுட்டு டெஸ்ட் பண்ணிக்கிட்டே வாங்க. டியூப்புல பச்சை வந்தா விஷம் இருக்குது. மஞ்சளாச்சுன்னா மீனை வுடலாம்." அதுவரை மீனுக்குப் பக்கெட்.

கிருமி தங்குவதற்கென்று செராமிக் வளையங்களையும் எடுத்து வைத்தார். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் செராமிக் கம்பெனியில் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் பூசுகிறவர். "விருத்தாசலத்துல இருந்துக்கிட்டு செராமிக்கைக் கடையில வாங்குவாங்களா? கம்பெனியில தெரிஞ்சா சிரிப்பாங்க." மறுநாள் பை நிறைய உடைந்த டீ கப், பொம்மைச் சில்லுகளோடு வந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. ஃபில்டரிலிருந்த ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு அவற்றை அடைத்தார்.

பச்சை. மறுநாளும் பச்சை. வாரக்கணக்கில் அதே பச்சை. குழம்பில் மஞ்சள்தூள் போடும்போதுகூட எனக்கு எரிச்சலாக வந்தது. "பொறுமையா இரு" என்பார் அவர். பக்கெட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி இடுப்பு ஒடிவது எனக்கு, உபதேசம் அவருக்கு!

மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. வீடியோ காலில் மகள், "இன்னுமா பக்கெட்டுல இருக்குது?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆத்திரத்தில் ஃபில்டரைப் பிரித்துச் சில்லுகளைக் கழுவக் கொட்டினேன். தண்ணீர் பட்டதும் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வழவழவென்று நகம்கூடப் பிடிக்கவில்லை. தண்ணீரே நிற்காத இடத்தில் கிருமி எங்கே குடியேறும்?

"கிளேஸ் பூசி மண்ணுல இருக்கற பொடி ஓட்டையை அடைக்கறதுதானே உங்க வேலை? அடைச்சதையே கொண்டாந்து கொட்டியிருக்கீங்களே! கிளேஸ் போடாத சில்லே கிடைக்கலையா?"

"அது மலையாட்டம் கெடக்குது. புள்ளயோட மீனுக்கு அதைப் போயி போடறதா? நல்லதாப் பாத்துப் பொறுக்கியாந்தேன்."

இந்த மனுஷனை என்ன சொல்ல? திட்ட வாயெடுத்தவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த நாள் கிளேஸ் படாத பொம்மைக் கைகளும் கால்களும் வந்தன. எல்லாம் முதலிலிருந்து. தினமும் டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே பிழைப்பாகிப் போனது. பச்சை வெளிறிக்கொண்டே வந்து, ஒரு திங்கட்கிழமை காலை சுத்தமான மஞ்சளானது. ஞாயிற்றுக்கிழமையே மீன் பக்கெட்டில் மிதந்துவிட்டது. ஒரே ஒரு நாள், பாழாய்ப்போன ஒரு நாள்!

தீனி இல்லாவிட்டால் கிருமியும் செத்துவிடுமாம். அதனால் அவர் அந்த வெறுந்தொட்டியில் இன்னமும் அமோனியா விட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று அப்படி விட்டுக்கொண்டிருந்தபோதுதான் மகள் வீடியோ காலில் கூப்பிட்டாள்.

"தொட்டி ரெடியாயிடுச்சாம்மா?"

"ரெடிதான்டி."

"அப்ப மீனைக் காட்டு."

போனை அவரிடம் நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க."

பாட்டிலை மூடி வைத்துவிட்டு வாங்கினார். "கண்ணு..." என்றார். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

"தண்ணி எவ்ளோ சுத்தமா இருக்குதுப்பா!" என்றாள் அவள். "மீன் எங்க ஒளிஞ்சிக்கிட்டிருக்குது?"