விட்ட காய்ச்சல் திரும்பி வந்தபோது

எங்கள் மருந்துக்கடை முதலாளிக்குத் தெருவில் சீட்டுக்காரர் என்று பெயர். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு யார் வந்தாலும், தலைகீழாக நின்றாலும் கொடுக்க மாட்டார். "வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாதுங்க" என்று ஒரு பிரசங்கமே செய்வார். சொல்வது சரிதான். சரியாகச் சொல்கிறோம் என்கிற மிதப்புதான் கொஞ்சம் அதிகம். பதினோரு வருடமாக அவர் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அந்தக் குளிர்காலத்தில் ஊரே இருமியது. அவருடைய அக்காவும் ஐந்து நாள் படுத்துவிட்டு எழுந்தார். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். மூன்றாம் மாடியில் தனியாக இருந்துகொண்டு துணி தைத்துக் கொடுப்பவர். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தையல் மிஷினில்கூட உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலை கடைக்கு ஃபோன் செய்தார்.

கவுண்டரில் நல்ல கூட்டம். ஒருவர் ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சீட்டுக்காரருக்கு அந்தக் குசும்பு எங்கிருந்து வந்ததோ, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, மறுபடியும் காய்ச்சல் அடிக்குதுடா. குளிர் தூக்கித் தூக்கிப் போடுது. அந்த ஆன்டிபயாடிக் ஏதாவது..."

"பார்த்தீங்களா, எங்கக்காவே கேக்குறாங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, உனக்கும் கிடையாது. வைரஸ் அப்படித்தான் வரும், போகும். பாராசிட்டமால் போட்டுட்டுப் படு."

"இல்லடா, சளி வேற..."

"கூட்டமா இருக்குக்கா, அப்புறம் பேசறேன்."

ஃபோனை வைப்பதற்குள் கடையே சிரித்தது. நானும்தான். மல்லுக்கு நின்றவர் வாயை மூடிக்கொண்டு பாராசிட்டமால் வாங்கிப் போனார். அப்புறம் பேசுவதை முதலாளி மறந்துவிட்டார்; நானும் நினைவுபடுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கைக்குட்டையில் துரு நிறத்தில் சளி. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை நிற்க வைத்தே சொன்னார்.

"வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிட்டுப் போயிடுச்சு. அந்தப் புண்ணுல பாக்டீரியா ஏறிடுச்சு. விட்ட காய்ச்சல் திரும்பி வந்தா உடனே காட்டணும். அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

சீட்டுக்காரரும் படித்த பாடம்தான் அது.

ஒன்பது நாள் செயற்கை சுவாசம். அக்கா பிழைத்துவிட்டார். ஆனால் வீட்டுப் படி ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருகிறார். தையல் மிஷினுக்கு உறை போட்டாயிற்று. இப்போதெல்லாம் கடையில் பிரசங்கம் கிடையாது. காய்ச்சல் என்று யார் வந்தாலும், "விட்டுட்டு மறுபடி வந்துச்சா? எத்தனை நாள் கழிச்சு?" என்று சீட்டுக்காரர் துளைத்தெடுக்கிறார். சந்தேகம் இருந்தால் கையோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அனுப்புகிறார்.

போன வாரம் அக்காவைப் பார்க்க இருவரும் போயிருந்தோம். இத்தனை நாள் தொண்டையிலேயே நின்றதை முதலாளி கேட்டுவிட்டார். "ரெண்டு நாள் ஏன்க்கா சும்மா கிடந்த? நேரா டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"அத்தனை பேர் முன்னாடி சொன்னியேடா. உன் அக்காவே மீறிப் போனா, அப்புறம் உன் பேச்சை யாரு மதிப்பாங்க?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் சிரிச்சதுகூடக் கேட்டுச்சு."

சீட்டுக்காரர் கட்டிலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் வாங்கிப் போன பழங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பில் என் குரல்தான் எல்லோரையும்விட உரக்க இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.