ஒரே மாடி, இரண்டு குறிப்பு

மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியான மறுநாள் காலையில் போனை எடுக்கிறவள் கையில் காபி டம்ளர் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. வங்கிச் செயலி, சிலிண்டர் புக்கிங், பிள்ளையின் பள்ளிக்கூடச் செயலி என்று ஏதோ ஒன்று ஒரே ராத்திரியில் அடியோடு மாறிப்போய் நீங்களும் திகைத்து நின்றிருப்பீர்கள். அப்படித் திகைத்தவர்கள் திட்டுவதற்காகக் கூப்பிடும் எண்ணில் உட்கார்ந்திருப்பவள் நான்.

புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் எதைப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு பிரகாசம் என்று பதிந்துவைக்கும் மென்பொருள் எங்களுடையது. அதை எழுதுவது ரிச்சர்ட். போனில் வாங்கிக் கட்டிக்கொள்வது நான். இந்தத் தடவை நான்கு புது வசதிகளோடு பதிப்பு வந்தது.

வானிலை தானாக நிரம்பும்

முதல் போன் வீராம்பட்டினத்திலிருந்து. வேலு படகு எஞ்சின் மெக்கானிக். கடற்கரையில் தொலைநோக்கியை நிறுத்தி வியாழனைப் பார்ப்பவர். முன்பெல்லாம் வானம் எப்படி இருந்தது என்று அவரே எழுதுவார். இப்போது மென்பொருளே எங்கிருந்தோ வானிலையை எடுத்து நிரப்பிக்கொள்கிறது. அவர் ஊரில் துடைத்துவிட்ட மாதிரி இருந்த வானத்துக்கு அது 'முழு மேகமூட்டம்' என்று போட்டுவிட்டது. அதோடு விட்டதா? 'இந்த நிலையில் வியாழன் தெரிய வாய்ப்பில்லை' என்று குறிப்பைச் சேமிக்கவும் மறுத்துவிட்டது. நான் 'மன்னிச்சிக்கங்க சார்' என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"நான் பாத்தத பாக்கலேன்னு சொல்ல அது யாரு மேடம்? நான் கடற்கரையில நின்னேன், உங்க கம்ப்யூட்டர் வூட்டுக்குள்ளதான இருந்துச்சு?"

பேசினால் போதும்

இருட்டில் தட்டச்சு செய்வது கஷ்டம் என்று குரல் வசதி வைத்தோம். பொத்தானை அழுத்திப் பேசினால் எழுத்தாகிவிடும். திரும்ப அழுத்தினால்தான் நிற்கும். கதிர்காமத்துக் கிளார்க் சுந்தரம் சனிக் கோளைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு, திரும்ப அழுத்த மறந்துவிட்டார். அதற்குள் அவர் மனைவி மாடிக்கு வந்துவிட்டார். அடுத்த இருபது நிமிஷம் அந்த மாடியில் நடந்த சண்டை முழுக்க, எழுத்துப் பிழைகூட இல்லாமல், சனிக் கோளின் கீழே பதிவாகிவிட்டது. எங்கள் ஊர் வானியல் க்ளப் உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கலாம். காலையில் நானும் படித்தேன். படித்துவிட்டு அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சுந்தரத்தின் குரல் போனில் கேட்கவே இல்லை, அவ்வளவு சன்னம்.

"சனிய பத்தி ஒருத்தரும் கேக்கல மேடம். கிரைண்டர் எப்ப வாங்கித் தரப்போறீங்கன்னுதான் கேக்கறாங்க."

நூறாவதுக்கு வாழ்த்து

இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். அதனால் வானம் பார்ப்பவர்கள் திரையைக்கூட சிவப்பாக மங்கலாக வைத்திருப்பார்கள். இது எங்களுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும், நூறாவது குறிப்பு எழுதினால் திரை முழுக்க வெள்ளையாக மத்தாப்பு வெடிக்கும்படி ரிச்சர்ட் வைத்துவிட்டான். எனக்கும் காட்டினான். பட்டப்பகலில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து, 'ரொம்ப அழகா இருக்குடா' என்று சொன்ன புத்திசாலி நான்தான். லாஸ்பேட்டை ஆசிரியை ஒருவர் தன் நூறாவதை எழுதினார்.

"அந்த மத்தாப்புக்கு அப்புறம் நட்சத்திரத்த விடுங்க, எங்க வீட்டு மாடிப்படியே தெரியல. உக்காந்து உக்காந்து எறங்கினேன்."

இரட்டைக் குறிப்பு நீக்கம்

இதுவரைக்கும் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். நான்காவது வசதி நான் கேட்டு வாங்கியது. சேமி பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டு 'ரெண்டு ரெண்டா வருதுங்க' என்று புலம்புபவர்கள் தொல்லை தாங்காமல், ஒரே மாதிரிக் குறிப்பு இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன்.

தெரேஸ் அம்மா கூப்பிட்டார். அவரும் கணவர் அந்த்வானும் ஒன்பது வருஷமாக எங்கள் வாடிக்கையாளர்கள். அந்த்வான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும். இருவரும் பிரகாசம் மாறும் நட்சத்திரங்களை வெறும் கண்ணால் பார்த்து எவ்வளவு பிரகாசம் என்று எண் போடுபவர்கள். ஒருவர் எண் மற்றவரைப் பாதிக்கக் கூடாது என்று மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பேச்சே கிடையாது. கணக்கும் தனித்தனி. அந்த அம்மாவின் கணக்கில் இப்போது ஒன்றுமே இல்லை. ஒன்பது வருஷமும் காலி. ஞாயிற்றுக்கிழமை க்ளப் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். எப்போதும் கணவர்தான் பேசுவார். அம்மாவைப் பேசக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பேசப்போவது திருவாதிரை நட்சத்திரத்தைப் பற்றி. சில வருஷங்களுக்கு முன் அது திடீரென்று மங்கிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். பேப்பரில் வருவதற்கு முன்பே அவர் அதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.

ரிச்சர்டிடம் ஓடினேன். ஊர், தேதி, நட்சத்திரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் பழைய கணக்கின் குறிப்பை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும்படி எழுதியிருக்கிறான். பழைய கணக்கு கணவருடையது. பிரகாச எண்ணை ஒப்பிடவே இல்லையாடா என்று கத்தினேன். அவன் திரையை என் பக்கம் திருப்பினான்.

"ஒரே வீடு, ஒரே மாடி, ஒரே நட்சத்திரம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணத்தான பாப்பாங்கன்னு நெனச்சிட்டேன்க்கா."

'இரண்டும் வேறு'

நீக்கியது குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்கும். அதை மீட்க ஒரே வழிதான் வைத்திருந்தோம். மிச்சமிருக்கும் குறிப்புக்குச் சொந்தக்காரர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, 'இரண்டும் வேறு' என்று ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். மொத்தமாக மீட்கும் பொத்தான் எழுத ரிச்சர்டுக்கு ஒரு வாரம் தேவை. கூட்டத்துக்கு மூன்று நாள்தான். நானூறு குறிப்புக்கு மேல் இருந்தது. அந்த்வான் சார் வெள்ளிக்கிழமை காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து என் மேசை முன் உட்கார்ந்தார். தெரேஸ் அம்மா எதிரே நாற்காலியில்.

மதியம் வரை உற்சாகமாக அழுத்தினார். 'ஆ, நம்ம தெரேசும் சரியா போட்டிருக்கா' என்று பாராட்டு வேறு. திருவாதிரை மங்கிய மாசம் வந்ததும் கை நின்றுவிட்டது. மழைக்கு நடுவே வானம் திறந்த ஒவ்வொரு நாளும் அம்மாவின் பக்கத்தில் மங்கல், இன்னும் மங்கல், இன்னும் மங்கல். அவர் பக்கத்தில் ஒரே எண், வரிசையாக, அச்சுப் போட்ட மாதிரி. பேப்பரில் செய்தி வந்த நாளிலிருந்துதான் அவர் பக்கத்திலும் மங்கல் வந்திருந்தது. தப்பித்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. அம்மாவின் குறிப்பைக் குப்பையிலேயே விட்டுவிடும் 'இரண்டும் ஒன்றே' என்ற பொத்தானும் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

தெரேஸ் அம்மாதான் பேசினார். "முதல் நாளே சொன்னேன், டல்லா தெரியுதுங்கன்னு. நீங்க கண்ணாடிய மாத்தச் சொன்னீங்க. நானும் போயி மாத்திக்கிட்டு வந்தேன். அப்பவும் டல்லாத்தான் தெரிஞ்சிது. அப்புறம் உங்ககிட்ட சொல்லல, எழுதி மட்டும் வச்சேன்."

அந்த்வான் சார் அந்த மாசத்துக் குறிப்புகள் ஒவ்வொன்றிலும் 'இரண்டும் வேறு' என்று அழுத்தினார், மெதுவாக, ஒன்றுகூட விடாமல். எழுந்திருக்கும்போது என்னிடம் சொன்னார்:

"தொட்டிக்கு அந்தப் பக்கம் அவ வானத்த பாத்திருக்கா. நான் அதுக்கு முந்தின வாரம் எழுதினத பாத்து எழுதியிருக்கேன். ஞாயித்துக்கெழம நான் பின் வரிசையில உக்காந்துக்கறேன்."

வானத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எங்கள் மென்பொருளை வாங்குகிறார்கள். வீட்டு மாடியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அது இதுவரை பிழையில்லாமல் சொல்லியிருக்கிறது.