ரூபினாவும் முப்பது சிவப்புச் சீட்டுகளும்

எங்கள் ஆய்வு மையத்தின் ஆண்டு மலரில் ரூபினாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி இயக்குநர் பாண்டியராஜன் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல வேல பாக்குறீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். அவளைப் பார்த்து நான் வயிறெரிந்ததுதான் அவருக்குத் தெரியாது.

ரூபினாவுக்கு இருபத்தெட்டு வயது. கீழவாசல் பக்கம் வீடு, அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சைக்கிள் சாமான் கடை. மதியச் சாப்பாட்டை எனக்கும் சேர்த்தே கொண்டுவருவாள். அதுவும் எனக்குப் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்ல முடியாத அளவுக்கு ருசியாக இருந்து தொலைக்கும்.

செடி, பூச்சி, பறவை என்று ஆராய்கிறவர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தருவது எங்கள் வேலை. கண்மாய்க் கரையில் எடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முழிப்பார்கள். பைத்தான் என்ற நிரல் மொழியில் பத்து வரி எழுதினால் முடிந்துவிடும். நாங்கள் எழுதிக் காட்டக் காட்ட அவர்களும் கூடவே தட்டச்சு செய்து பழகும்படி பாடம் தயாரிப்பது பன்னிரண்டு வருடமாக என் பொறுப்பு. முதல் பாடம் நான் எழுதியது. அதற்காகக் கீழக்குயில்குடிக் கண்மாய்ப் பறவைகளை எண்ணித் தரவுக் கோப்பும் நானே செய்தேன். ரூபினா வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. என் வகுப்பில் தூங்கி வழிந்தவர்கள் அவள் வகுப்பில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. "ரூபினா மேடம் நோட்ஸ் இருக்கா?" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். வேறென்ன செய்ய?

இந்த ஜூலையில் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் பதவி வந்தது. எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். "ரூபினா புதுப் பாடம் எழுதியிருக்கு. அத வச்சு நடத்தப்போற பயிற்சிப் பட்டறை நல்லபடியா நடந்தா அதுக்கே குடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றார் பாண்டியராஜன்.

பட்டறைக்கு முந்தின நாள் பாடக் கோப்புகளை முப்பது கணினிகளிலும் ஏற்றி, ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டியவள் நான். ஏற்றினேன். எங்கள் எல்லாப் பாடத்துக்கும் வேண்டிய என் பறவைத் தரவுக் கோப்பு அதில் இல்லை என்பது கண்ணில் பட்டது. சொல்லவில்லை. ஓட்டியும் பார்க்கவில்லை. அவள் எழுதியதைத் திறந்து படிக்கவே மனம் வரவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. செய்து முடித்தவர் திரையின் மேல் பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டும், இடையில் நின்றுபோனவர் சிவப்பு. பத்தே காலுக்கு முதல் சிவப்பு விழுந்தது. ஐந்தே நிமிடத்தில் முப்பதும் சிவப்பு. ரூபினா ஒவ்வொரு மேசையாக ஓடினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

கோப்பு இருக்கும் இடத்தை அவள் தன் மடிக்கணினியின் ஃபோல்டர் பெயரோடு எழுதியிருந்தாள். அவள் கணினியில் ஓடும், வேறெதிலும் ஓடாது. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு. கோப்பைக் காணோம் என்று எல்லாத் திரையிலும் ஒரே செய்தி. பட்டறையைப் பார்க்க வந்திருந்த பாண்டியராஜன் குனிந்து அதிலிருந்த ஃபோல்டரின் பெயரை வாசித்தார்: முனீஸ்வரி அக்கா பாடம்.

"என்ன முனீஸ்வரி, இது ஒங்க வேலையா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார், தப்பு என்னோடது" என்று ரூபினா குறுக்கே வந்தாள். "அக்கா எழுதுன பழைய பாடத்த வச்சுத்தான் நான் படிச்சேன். அந்த ஃபோல்டருக்குள்ளயே புதுசையும் எழுதிட்டேன்."

ஓட்டிப் பார்த்தீர்களா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கோப்பு என் மேசைக் கணினியில் இருந்தது. இருபது நிமிடத்தில் முப்பதிலும் ஏற்றி, அந்த வரியையும் திருத்திக் கொடுத்தேன். பட்டறை நன்றாகவே நடந்தது. பதவியும் அவளுக்கே போனது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "இம்புட்டுப் பேரு முன்னாடி ஒங்க பேரு தப்புல வந்துருச்சு. கோவிச்சுக்காதீங்கக்கா."

கோபமில்லை என்றேன். பொறாமை இன்னும் இருக்கிறது. கோப்பு இல்லை என்று எனக்கு முந்தின நாளே தெரியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்த மலருக்குப் பிழை திருத்துகிறவள் ரூபினாதான். இந்தப் பக்கத்தை இப்போது அவள் மேசையில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.