பழிக்காக ஊட்டிய சோறு

என் மகளின் கழுத்தை ஒரு நாள் உப்புப் போட்டுத் தேய்த்தேன்.

பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. சங்கிலித் தடம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அழுக்கு என்று முடிவு செய்தேன். மரக்காணம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் தோல் கறுப்பது எங்களுக்குப் புதிதல்ல. என் கணவர் உப்பளத்தில் மேற்பார்வை பார்ப்பவர். வீட்டில் கல்லுப்புக்குக் குறைவில்லை. அதைப் பொடித்துப் பயத்தமாவில் கலந்து தேய்த்தேன். தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. "எரியுதும்மா, உட்டுடும்மா" என்று அழுதாள். தோல் சிவந்து நீர் கசிந்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

"அது கழுத்தா, பாத்திரமா?" என்று கணவர் கத்தினார். புண்ணைக் காட்டத்தான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார், பிறகு பட்டையைப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. எவ்ளோ தேச்சாலும் போவாது." அகாந்தோசிஸ் (கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் கறுத்துத் தடிப்பது) என்றார். உடல் பருமனால் வரும் இன்சுலின் எதிர்ப்பின் (சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) அடையாளம் அது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. இப்படியே விட்டால் நோயாகவே மாறலாம் என்றார். எட்டு வயதுக் குழந்தைக்கு.

அவர் எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஜெசிந்தா சிஸ்டர் இருந்தார். குழந்தைகள் மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர். டாக்டருக்கு எங்களுக்கென்று ஐந்து நிமிடம்தான் இருந்தது. சிஸ்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

தடுப்பூசிப் புத்தகத்திலிருந்த பழைய எடைகளையெல்லாம் வயதுக்கேற்ற எடைக் கோடுகள் அச்சிட்ட ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தார். பிறந்தபோது எல்லாக் கோடுகளுக்கும் கீழே. இரண்டு வயதில் நடுவில். ஐந்து வயதில் மேல்கோட்டைத் தாண்டி வெளியே.

"அஞ்சு வயசுலயே தாண்டிடுச்சே. அப்ப யாரும் சொல்லலியா?"

சொன்னார்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

தர்ஷினி குறைமாதத்தில் பிறந்தவள். தொட்டில் போட்ட அன்று என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அவளைக் கையில் வாங்கிச் சபை நடுவே சொன்னார்: "இன்னாடி இது, காரப்பொடிக் கருவாடு மாதிரி இருக்குது! கொழம்புல போட்டாக்கூட ஒரு வாய்க்கு வராது போல." காரப்பொடி விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். தையல் இன்னும் ஆறாத வயிற்றோடு நான் நின்றிருந்தேன். இவளை வளர்த்து உங்கள் முன்னால் நிறுத்துகிறேன் என்று அன்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் ஊட்டியது எதுவும் அவள் பசிக்காக அல்ல. நெய்ச்சோறு, பாலில் சத்து மாவு, அதற்கு மேல் சர்க்கரை, இடையில் பிஸ்கட். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கைப்பேசியில் பாட்டு வைத்து வாயைத் திறக்க வைத்தேன். நான்கு வயதில் அவள் கன்னம் இரண்டும் தொங்கின. அண்ணியின் மகன் பக்கத்தில் குச்சி மாதிரி நிற்பான். இருவரையும் சேர்த்து நிறுத்திப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பேன். அண்ணி பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் அன்று முழுக்க எனக்குள் இனிக்கும்.

ஐந்து வயதுத் தடுப்பூசிக்குப் போனபோது எங்கள் கிராம செவிலியர், "எடை ஏறிக்கிட்டே போவுதும்மா. சத்து மாவு, பிஸ்கட்லாம் நிறுத்திடுங்க. இப்ப சரி பண்றது ஈஸி" என்றார். அவர் அண்ணிக்கு உறவு. அண்ணி சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். "உங்க கண்ணு படாம இருந்தா அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை மிளகாயும் உப்பும் எடுத்து மகளுக்குச் சுற்றிப் போட்டேன். நான் பி.எஸ்சி. படித்தவள்.

அந்த எச்சரிக்கையை அன்று காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. உங்கள் ஊர் செவிலியர் எடை பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால், அவர் யாருக்கு உறவு என்று பார்க்காதீர்கள்.

ஜெசிந்தா சிஸ்டர் எடை பார்க்கும் இயந்திரத்தைத் திரைக்குப் பின்னால் வைத்திருந்தார். எண்ணைச் சத்தமாகப் படிக்கவில்லை. தர்ஷினியிடம் உயரத்தை மட்டும் காட்டினார். "உனக்கு இன்னா விளையாட்டு புடிக்கும்?"

"ஸ்கிப்பிங். ஆனா நான் குதிச்சா பூமி ஆடுதுன்னு பசங்க சொல்றாங்க சிஸ்டர்."

"ஆடட்டும் உடு. நீ எத்தினி குதிச்சன்னு மட்டும் எண்ணு."

என்னிடம் சொன்னது வேறு. இவளுக்கென்று தனியாகச் சமைக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. சத்து மாவும் பிஸ்கட்டும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. குண்டு, ஒல்லி என்ற இரண்டு சொற்களையும் யாரும் பேசக் கூடாது. "எடை குறைக்கவே வேணாம். இப்ப இருக்கிற எடை நின்னா போதும். ஒசரம் ஏற ஏற ஒடம்பு தானா சரியாவும். வளர்ற புள்ளைக்கு வைத்தியமே நேரம்தான்."

எனக்கு நேரம் இல்லை. அண்ணியின் சின்ன மகளுக்கு நான்கு மாதத்தில் காதுகுத்து என்று பேச்சு இருந்தது. என் மகள் நோயாளி என்பது அண்ணியின் காதுக்கு அதற்குள் போயிருந்தது. "ஆசையா ஊட்டி ஊட்டி வளத்தாளே" என்று ஊரில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். காதுகுத்துக்குள் இவளை இளைக்கவைத்துக் காட்ட வேண்டும். சிஸ்டர் சொன்னதில் பாதிச் சோறுதான் வைத்தேன். இரவில் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய். மூன்றாவது வாரம் பள்ளியில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள்.

மறுபடி புதுச்சேரிக்குப் போனோம்; சொன்ன அளவுதான் கொடுத்தேன் என்று சிஸ்டரிடம் பொய் சொல்லிப் பார்த்தேன். அவர் தர்ஷினியை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். "யாருக்காக இந்த அவசரம்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு என்று சொன்னதிலிருந்து. அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

"அண்ணிகூட சண்ட போடணுமா? நேரா போய்ப் போடுங்க. இந்தப் புள்ள ஒடம்ப எடுத்துக்கிட்டுப் போவாதீங்க. மொதல்ல ஏத்திக் காட்டினீங்க. இப்ப எறக்கிக் காட்டப் பாக்கறீங்க. அவ உங்களுக்கு இன்னா, கத்தியா?"

அன்றைக்கு அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. பேருந்தில் மரக்காணம் வரும்வரை மகள் பக்கம் திரும்ப முடியவில்லை.

அதன் பிறகு அவர் சொன்னபடியே செய்தேன். காதுகுத்து தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஓராண்டில் தர்ஷினியின் எடை ஒரே ஒரு கிலோ ஏறியது. உயரம் ஆறு சென்டிமீட்டர். இன்னும் பருமன்தான். ஆனால் சர்க்கரை எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது. "இதே மாதிரி போவட்டும்" என்றார் டாக்டர்.

போன தை மாதம் பெரிய முதலியார்சாவடியில் காதுகுத்து நடந்தது. பந்தியில் அண்ணி வந்து தர்ஷினியின் இலையில் இரண்டாவது ஜாங்கிரியை வைத்தார். "இன்னாமா, வைத்தியம் பாத்தும் இளைக்கலியே உம்பொண்ணு? துன்னட்டும், வெக்கப்படாத."

நான் எழுந்தேன். "அவளத் தொட்டில்ல போட்டப்ப கருவாடுன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்காக எட்டு வருஷம் எம்புள்ளைய நான் பாழ் பண்ணேன் அண்ணி. பண்ணது நான். சொன்னது நீங்க."

அண்ணி அசரவில்லை. "ஆமா, சொன்னேன். சொன்னதாலதான நீ ரோசப்பட்டு வளத்த? இல்லன்னா அந்தப் புள்ள தேறியிருக்குமா?"

"இனிமே உங்க வாயில எம்புள்ளைய பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா, இதே மாதிரி நாலு பேரு முன்னாடிதான் கேப்பேன்."

பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கணவர் என் கையைப் பிடித்தார்; உதறினேன். இலையை மடிக்காமல், கை கழுவாமல் வெளியேறப் போனேன். அதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தெரியாது. "வாடி" என்று தர்ஷினியை இழுத்தேன்.

அவள் எழவில்லை. "நீ போம்மா. நான் சாப்ட்டு வரேன்."

மண்டப வாசலில் கணவரின் வண்டி மீது உட்கார்ந்தேன். அண்ணியை நான் மன்னிக்கவில்லை. இதை அவர் படிப்பார், படிக்கட்டும். ஆனால் அந்தச் சண்டை என்னுடையது மட்டும்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு அதில் பங்கு இல்லை. எத்தனை வாய் உண்டாள், எதைத் தொட்டாள், எதைத் தள்ளினாள் என்று தெரியாமல் அவள் பிறந்ததிலிருந்து நான் கழித்த முதல் கால் மணி நேரம் அது. எழுந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

கை கழுவிய ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. வண்டியில் நகர்ந்து இடம் விட்டேன்.